காய்ந்த கைக்குட்டை

கோவில்பட்டி எட்டாம் நம்பர் ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்பதற்காக ஒருவர்கூட வெறும் பையோடு திரும்பியதில்லை. விற்பனையாளர் செண்பகவல்லிக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு. தீப்பெட்டி ஒட்டியே ரேகை தேய்ந்த விரல்கள் அந்த ஊரில் ஏராளம். வேறு கடைகளில் இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியதும் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். இவள் கவுண்டரில் எப்போதும் ஓர் ஈரத்துணி இருக்கும். ரேகை என்பது மேடும் பள்ளமும்தான். மேடு கண்ணாடியில் ஒட்டும், பள்ளம் ஒட்டாது; அந்த வித்தியாசத்தைத்தான் இயந்திரம் படம் பிடிக்கிறது. காய்ந்த விரலில் மேடும் சரியாக ஒட்டுவதில்லை. ஈரத்துணியால் ஓர் ஒற்று ஒற்றி அழுத்தச் சொன்னால் பத்தில் ஒன்பது விரலுக்கு ரேகை விழுந்துவிடும். பத்தாவது ஆளுக்குக் கட்டைவிரலை விட்டுவிட்டு மோதிரவிரலுக்குப் போவாள்.

"மெஷினு பொய்யும் சொல்லாது, மெய்யும் சொல்லாது. ஒட்டுதா ஒட்டலையா, அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்" என்பாள்.

அப்பேர்ப்பட்டவளை ஓர் இயந்திரம் திருடி என்று சொல்லிவிட்டது.

அதைச் சொன்ன கடிதம் தலாசாவிலிருந்து வந்திருந்தது. தலாசா என்பது தென்கடலில் அறுநூறு மீட்டர் ஆழத்தில் கட்டப்பட்ட நகரம். தனி நாடு, தனிச் சட்டம், நாலாயிரம் பேர். செண்பகவல்லியின் கணவன் ஆவுடையப்பன் அங்கே பம்பு மெக்கானிக். போய் மூன்று வருடம் ஆகிறது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் போனவன். ஒப்பந்தம் பத்து வருடம், நடுவில் விடுமுறைக்கு வர வழியில்லை. வெளியே வந்தவரை மறுபடி உள்ளே விடுவதற்குள் பாதி வருடம் போய்விடும் என்பதால் அங்கே விடுமுறை என்ற பேச்சே கிடையாது. சேர்ந்து வாழ வேண்டுமானால் மனைவிதான் போக வேண்டும். அதற்குக் குடும்ப நுழைவு அனுமதி வேண்டும். செண்பகவல்லி அதற்குத்தான் விண்ணப்பித்திருந்தாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு, விண்ணப்பம் போட்டுத் தந்த ஏஜெண்ட் பிச்சையா அண்ணாச்சியிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கான். இருவது வந்தாலே பெரிசும்மா. எங்கன வாங்கின?"

"என்னத்த வாங்கின?"

"மாத்திரைய."

அவள் எந்த மாத்திரை என்று கேட்டாள். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் தொழிலின் அடிமடியிலிருந்து எடுத்துச் சொல்லுகிற குரலில் விளக்கினார். தலாசாவில் காற்றும் தண்ணீரும் வெளியிலிருந்து வருவதில்லை. இன்றைக்கு ஒருவர் குளித்த தண்ணீர் நாலாம் நாள் இன்னொருவர் குடிக்கிற தண்ணீர். எவ்வளவு வடிகட்டினாலும் ஒருவர் உடம்பில் இருக்கும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல எல்லார் உடம்புக்கும் போய்ச் சேரும். நகரம் கட்டிய புதிதில், வெளியிலிருந்து வந்த ஒருவர் வயிற்றில் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருந்த கிருமி, ஒரே வாரத்தில் அறுபத்தோரு பேரைக் கொன்றது. அன்றிலிருந்து ஒரு சட்டம். உள்ளே இருக்கும் அத்தனை பேர் உடம்பிலும் ஒரே நுண்ணுயிர்க் கூட்டம்தான் இருக்க வேண்டும். பொதுக்கலவை என்று அதற்குப் பெயர். ஆய்வகத்தில் நாற்பது வகைக் கிருமிகளை வளர்த்து ஆரம்பித்தார்கள்; அப்புறம் ஊருக்குள் இருப்பவர்களிடமிருந்தே அவ்வப்போது எடுத்து அதைப் புதுப்பித்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவருக்கு இருபத்தோரு நாள் மருந்து கொடுத்து அவர் உடம்பிலிருக்கும் எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டு, பொதுக்கலவையைக் குடிக்கக் கொடுப்பார்கள்.

விண்ணப்பத்தோடு கொடுத்த மருத்துவ மாதிரியை ஓர் இயந்திரம் சோதிக்கும்; விண்ணப்பித்தவரின் நுண்ணுயிர்கள் பொதுக்கலவைக்கு நூற்றுக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான் அந்த எண். அறுபதுக்கு மேல் இருந்தால் கழுவல் வேண்டாம், நேராக உள்ளே போகலாம். ஆனால் வெளியில் வாழும் யாருக்கும் முப்பதைத் தாண்டியதில்லை. அதனால் பொதுக்கலவையைத் திருடி மாத்திரையாக விற்கிற ஒரு கூட்டம் இருந்தது.

"நான் மாத்திர திங்கல அண்ணாச்சி."

"தின்னேன்னு எழுதிக் குடுத்துரு" என்றார் அவர். தெரியாமல் செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டால் இரண்டு வருடத் தடை. அப்புறம் மறுபடி விண்ணப்பிக்கலாம். செய்யவில்லை என்று வாதாடித் தோற்றால் ஆயுசுக்கும் தடை. பதினைந்து நாளுக்குள் தலாசாவின் மதுரை அலுவலகத்தில் நேரில் விளக்கம் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் செண்பகவல்லிக்குக் கைக்குட்டை நினைவு வந்தது.

ஆவுடையப்பன் புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால் அவள் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைத் தயிரில் முக்கி, நிழலில் காயவைத்து, மறுபடி முக்கி, மறுபடி காயவைத்து, மூன்று தடவை செய்து எட்டாக மடித்து வைத்தாள். வெளிநாடு போகிறவர்களுக்கு அந்தத் தெருவில் எல்லாரும் செய்து கொடுப்பதுதான். போன இடத்தில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலில் அதன் ஓரத்தைக் கிள்ளிப் போட்டால் மறுநாள் வீட்டுத் தயிர். தயிர்க்கிருமியை வெயிலில் சுட்டால் செத்துப்போகும். நிழலில் மெதுவாகக் காயவிட்டால் சாகாது, உறங்கும். வருடக்கணக்கில் உறங்கும். பாலின் சூடு பட்டதும் எழுந்துகொள்ளும்.

தலாசாவுக்குப் போகிறவர்கள் உடுத்திய துணியைக்கூடக் கொண்டுபோக முடியாது. ஞாபகார்த்தமாகத் துணியிலோ தாளிலோ ஒரே ஒரு சிறு பொருளுக்கு மட்டும் அனுமதி உண்டு. அதையும் புறஊதா ஒளியில் காட்டித்தான் தருவார்கள். ஒளி படுகிற இடத்துக் கிருமி சாகும், உண்மைதான். எட்டாக மடித்த துணியின் உள்மடிப்புக்கு ஒளி எப்படிப் போகும்? படிவத்தில், 'உயிருள்ள பொருள் எதுவும் கொண்டு வருகிறீர்களா' என்று ஒரு கேள்வி இருந்தது. ஆவுடையப்பன் ஆடு, கோழி, செடி, விதை எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினான். அவன் மனதறிந்து பொய் சொல்லவில்லை. தயிரை உயிருள்ள பொருள் என்று கோவில்பட்டியில் யாரும் நினைப்பதில்லை.

கழுவலுக்குப் பிறகு எட்டு மாதம் அவன் அவனாகவே இல்லை. வாரம் பத்து நிமிடம் திரையில் பேசுவான். எதைத் தின்றாலும் காகிதத்தைத் தின்பதுபோல் இருக்கிறது என்றான். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டான். சாப்பிட்டீர்களா என்றால் சாப்பிட்டேன் என்பான். வேறு யாரோ சாப்பிட்டதைச் சொல்வதுபோல் இருக்கும். அங்கே எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள், பழகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் மனதுக்கும் போக்குவரத்து உண்டு என்பதை அந்த நகரத்தைக் கட்டியவர்கள் அறியாமல் இல்லை. அறுபத்தோரு சவங்களைப் பார்த்தவர்கள், கொஞ்சம் சோகம் பரவாயில்லை என்று முடிவு செய்திருந்தார்கள்.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் அவன் திரைக்கு வந்ததும் சிரித்தான். "இன்னைக்குத் தயிர்ச்சோறு" என்றான். அடுத்த மாதம் அறைத்தோழர்களைப் பற்றிப் பேசினான். அதற்கடுத்த மாதம் சமையற்கூடத்தைப் பற்றி. அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. மனுசன் சாப்பிடுகிறான், அது போதும் என்று இருந்துவிட்டாள்.

இப்போது யோசித்தாள். உண்மையைச் சொன்னால் அவன் சட்டத்தை மீறியது வெளியே வரும். வேலை போகும், பேர் போகும், தலாசாவின் கதவு இருவருக்கும் அடைபடும். பொய் சொன்னால் இரண்டு வருடம் மட்டுமே போகும். அதோடு, எழுதிக்கொடுத்த தாளில் அவள் பெயருக்குப் பக்கத்தில் திருடி என்று ஆயுசுக்கும் இருக்கும்.

அவனைக் கேட்டுச் செய்யலாம் என்றால் பேச்சு முழுவதும் பதிவாகிறது. அந்த வாரம் திரையில் வந்தபோது சுற்றிவளைத்துத்தான் கேட்டாள்.

"நான் குடுத்த கைக்குட்டையத் தொலச்சிட்டியளா, வச்சிருக்கியளா?"

கடிதத்தின் நகல் அவனுக்கும் வந்திருந்தது.

"தொலைக்கல. இங்கன எல்லார்ட்டயும் இருக்கு வல்லி."

"உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்லா?"

"பம்பு எல்லா ஊர்லயும் ஓடும். நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு இங்க வராத. அத மட்டும் சொல்லிட்டேன்."

மதுரை அலுவலகத்தில் விசாரணை அதிகாரி ஜெனோவா என்ற பெண். நாற்பது வயதிருக்கும். நாள் முழுவதும் பொய் கேட்டுக் கேட்டு முகம் இறுகியிருந்தது. எந்தக் கூட்டத்திடம் மாத்திரை வாங்கினாய் என்று மட்டும் சொன்னால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றாள்.

செண்பகவல்லி கைக்குட்டையைப் பற்றிச் சொன்னாள். மூன்று தடவை முக்கியது, நிழலில் காயவைத்தது, எட்டாக மடித்தது, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது அதிகாரி எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"இதச் சொன்னா உங்க கணவருக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். அவுகளுக்கும் தெரியும்."

"சரி. அவர் கொண்டுபோனார்னே வச்சுக்குவோம். உங்க உடம்பு எப்படி தலாசா மாதிரி ஆச்சு?"

"நான் அந்த ஊரு மாதிரி ஆகல மேடம். அந்த ஊருதான் எங்க தெரு மாதிரி ஆயிருக்கு." ரேஷன் கடையில் சொல்வதையே இங்கேயும் சொன்னாள். "மெஷினு ஒட்டுதா ஒட்டலையான்னுதான் சொல்லும். எது எதுல போயி ஒட்டுச்சுன்னு அதுக்குத் தெரியாது."

ஜெனோவா பேனாவை மூடினாள். அவள் இந்த வேலைக்கு வருமுன் ஆய்வகத்தில் இருந்தவள். எதிலிருந்து எது வந்தது என்று பல வருடமாக யாரும் கேட்காத கேள்வியை இந்த ரேஷன் கடைக்காரி கிளப்பிவிட்டாள். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, தன்னையறியாமல் குரலில் ஒரு சந்தோஷம் ஏற, விளக்க ஆரம்பித்தாள். ஒரு கிருமி இரண்டாகும்போது தன்னிடமுள்ள குறிப்பை நகல் எடுக்கிறது. நகலில் எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். அந்தப் பிசகு அதன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு உறை போனால், போன வீட்டுத் தயிரில் பழைய பிசகுகளும் இருக்கும், புதிய பிசகுகளும் சேரும். கொடுத்த வீட்டில் பழையவை மட்டும் இருக்கும். அதை வைத்து யார் தாய், யார் மகள் என்று சொல்லிவிடலாம்.

"ஆனா உங்க ஒரு வீட்டுத் தயிர் பத்தாது. நீங்க யாருக்கு உறை குடுத்தீங்க, யார்ட்ட வாங்கினீங்க?"

"குடுத்தது ஒம்போது வீடு. வாங்கினது அடுத்த வீட்டு ரஹ்மத் அக்காட்ட. கல்யாணமாகி வந்த மறுநாளு."

அந்த வாரமே ஜெனோவா ஓர் ஐஸ்பெட்டியோடு கோவில்பட்டிக்கு வந்தாள். பதினோரு வீட்டிலும் ஒவ்வொரு கரண்டி தயிர் எடுத்தாள். ரஹ்மத் அக்கா மட்டும் விளக்கு வைத்த பிறகு தயிர் வெளியே போகக் கூடாது என்று சொல்லி, அதிகாரியைக் காலையில் வரச் சொல்லிவிட்டாள். அரசாங்க வேலை என்றாலும் அப்படித்தான் என்றாள். ஜெனோவா லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, காலையில் வந்து வாங்கிப் போனாள்.

முடிவு வர ஐந்து வாரம் ஆனது. செண்பகவல்லி வழக்கம்போல் கடை திறந்தாள், எடை போட்டாள், விரல் துடைத்தாள். ஏஜெண்ட் அண்ணாச்சி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மறுபடி மதுரைக்குக் கூப்பிட்டபோது ஜெனோவா எழுந்து நின்று வரவேற்றாள். மேசைமேல் ஒரு படம் விரித்திருந்தது. வேர் போல ஒரு கோடு ரஹ்மத் அக்கா வீட்டில் ஆரம்பித்தது. அது செண்பகவல்லி வீட்டுக்கு வந்து, அங்கிருந்து கிளை பிரிந்தது. ஒன்பது சின்னக் கிளைகள் தெருவிலேயே நின்றன. பத்தாவது கிளை தாளின் ஓரம் வரை ஓடி, நாலாயிரம் பொடிக் கோடுகளாக விரிந்திருந்தது. தயிரில் தயிர்க்கிருமி மட்டும் இருப்பதில்லை, கலக்கிய கையில் இருப்பதும் பானையில் இருப்பதும் சேர்ந்தே இருக்கும் என்றாள் ஜெனோவா. ஆய்வகம் கொடுத்த நாற்பது வகையில் பாதிக்கு மேல் மூன்று வருடத்தில் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் இவை குடியேறியிருந்தன.

இன்னொரு விஷயமும் சொன்னாள். தலாசாவில் மனச்சோர்வுக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் இரண்டு வருடமாகப் பாதியாகக் குறைந்திருக்கிறார்கள். புதிதாக மாட்டிய விளக்குகள்தான் காரணம் என்று, விளக்கு மாட்டியவருக்கு விருது கொடுத்துவிட்டார்களாம்.

"அவுகள என்ன செய்வாங்க மேடம்?"

சட்டம் சட்டம்தான் என்றாள் ஜெனோவா. ஆவுடையப்பனுக்கு ஐந்து வருடம் பதவி உயர்வு கிடையாது. வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று நகர சபையில் பேச்சு எழுந்தபோது, சமையற்கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்களாம். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

பிறகு அவள் ஒரு புதிய படிவத்தை எடுத்து வைத்தாள். சபை தனி மரியாதையாக அனுப்பியது. கட்டணமில்லை, காத்திருப்பில்லை, அடுத்த கப்பலிலேயே இடம். செண்பகவல்லி கடைசி வரி வரை படித்தாள். பிரிவு என்ற இடத்தில் 'உயிர்ப்பொருள், மூலம்' என்று இருந்தது. தங்குமிடம் ஆய்வகப் பகுதி. வாரம் ஒரு முறை மாதிரி எடுக்கப்படும். கணவரைச் சந்திக்க நேரம் ஒதுக்கப்படும்.

அவள் படிவத்தைத் திருப்பித் தள்ளினாள்.

"இது வேண்டாம் மேடம். மொதல்ல போட்ட விண்ணப்பம் இருக்குல்லா, அதப் பாருங்க."

"அதுல போனா சாதாரண ஆளாத்தான் போவீங்க. சின்ன அறை. யாருக்கும் உங்களத் தெரியாது."

"நான் அவுக சம்சாரம். சம்சாரமாத்தான் போவேன். மாதிரி வேணும்னா அக்கம்பக்கத்துல வந்து கேக்க மாதிரி கேக்கச் சொல்லுங்க, தாரேன்."

ஜெனோவா அந்தப் படிவத்தை ஓரமாக எடுத்து வைத்தாள். பிறகு பழைய கோப்பைத் திறந்து, சட்டத்தை ஒரு முறை படித்தாள். அறுபதுக்கு மேல் இருந்தால் கழுவலின்றி அனுமதிக்கலாம். இவளுக்குத் தொண்ணூற்று நாலு. திருட்டு இல்லையென்று ஆகிவிட்டது. தடுக்க ஒன்றுமில்லை. பிரிவு என்ற இடத்தில் 'மனைவி' என்று இருந்ததன்மேல் முத்திரையை அழுத்தினாள்.

மூன்று மாதம் கழித்து செண்பகவல்லி தலாசாவின் நுழைவாசலில் நின்றபோது, 'உயிருள்ள பொருள் எதுவும் கொண்டு வருகிறீர்களா' என்ற கேள்விக்குக் கீழே ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: தயிர் உட்பட. அவள் 'இல்லை' என்று எழுதினாள். உண்மையாகவே கொண்டு வரவில்லை. வீட்டில் மிச்சமிருந்த உறையை எட்டாம் நம்பர் கடைக்குப் புதிதாக வந்த பெண்ணிடம், ஈரத்துணியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

இரண்டாம் நாள் ஆவுடையப்பன் வேலைக்குப் போயிருந்தான். அவள் அறையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவில் தட்டல். திறந்தால், நரைத்த முடியை வாரிக் கட்டிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, மூடிய கிண்ணத்தோடு மூச்சு வாங்க நின்றாள். எதிர் அறைக்காரி, பெயர் மார்சேலா. அவள் ஏதோ பாஷையில் பேசப் பேச, செண்பகவல்லியின் காதில் மாட்டியிருந்த கருவி தமிழில் சொன்னது.

புதிதாக யார் குடிவந்தாலும் இதைக் கொடுப்பது இங்கே வழக்கமாம். பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டுமாம். கரண்டியால் கலக்கக் கூடாது, விரலை விட்டுத்தான் கலக்க வேண்டுமாம். கலக்கிய பிறகு ஆட்டக் கூடாதாம்.

நடைவழியின் வெள்ளை விளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக மஞ்சளாக மாற ஆரம்பித்தன. சூரியன் இல்லாத ஊரில் அதுதான் சாயங்காலம். மார்சேலா அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"விளக்கு மாறிய பிறகு கொடுக்கக் கூடாது. அதனால்தான் ஓடி வந்தேன். ஏன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. இங்கே எப்போதும் அப்படித்தான்."

செண்பகவல்லி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், ஒன்றுமே தெரியாதவள்போல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள், எந்த விரல் என்று. மார்சேலா பொறுமையாகத் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"சரிக்கா. நீங்க சொன்ன மாதிரியே செய்யுதேன்" என்று கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கதவைச் சாத்திய பிறகு ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு சரியாக இருந்தது.